தாயற்ற பூனைக்குட்டியைப் பேணுதல்

நெல்லை அறுத்துச் சூடடித்துத் தூற்றி வீட்டிற் சேர்த்த பின்னரும் அதற்குப் பகை ஒழிவதில்லை. வயலில் தின்றது போதாதென்று, மூட்டையிற் கட்டி அடுக்கியதையும் எலி தேடி வருகின்றது. அது தின்னும் நெல்லிலும் பார்க்க, சாக்கைக் கடித்துச் சிந்துவதும், சிறுநீராலும் புழுக்கையாலும் அசுத்தமாக்குவதும் கூடிய நட்டத்தைத் தரும். எலிக்காய்ச்சல் பரவுவதும் அச்சிறுநீரினாலேயே. ஆகையால், நெல் வைத்திருக்கும் வீட்டில் ஒரு பூனை நிற்றல் நன்று என்று எம் முன்னோர் கருதினர். முற்றிய பெருச்சாளியை எல்லாப் பூனையும் எதிர்க்கும் என்று நம்பியிருத்தல் கூடாது. எனினும் சுண்டெலியையும் எலிக்குஞ்சுகளையும் பூனை இலேசில் விடாது.

அறுவடை முடிந்து வைக்கோற்போரைப் பிரிக்கும்போதோ, பழைய மூட்டைகளை இடம் மாற்றும்போதோ, கண் திறவாத பூனைக்குட்டிகள் அகப்படுவதுண்டு. தாய் வீதியில் அடிபட்டோ நஞ்சுண்ட எலியைத் தின்றோ மாண்டிருக்கும். வீட்டார் இரக்கங் கொண்டு குட்டியை எடுத்துவந்து, சிரட்டையிற் பசுப்பால் வைத்து, ஒரு மூலையில் விடுவர். இரண்டொரு நாளில் அது வயிறு வீங்கி இறந்துவிடும். பால் கொடுத்தும் ஏன் செத்தது என்று வீட்டார் வியப்பர்.

காரணம் இதுதான். மூன்று வாரம் நிறையாத பூனைக்குட்டியால் தானாகச் சிறுநீர் கழித்தல் இயலாது. மலங் கழித்தலும் இயலாது. தாய்ப்பூனை பால் கொடுக்குந் தோறும் குட்டியின் பின்புறத்தை நாவினால் நக்கி, அத்தூண்டலினால் அவற்றை வெளியேறச் செய்கின்றது. வெளியேறியதைத் தானே உட்கொண்டும் விடுகின்றது. படுக்கை நனையாதிருப்பதும், மணம் பிடித்து வேறு விலங்குகள் வராதிருப்பதும் இதனாலேயே. தாய் இல்லாவிடின் அவ்வேலையை நீங்கள் ஏற்றல் வேண்டும். பால் வார்ப்பதோடு கடமை முடிந்ததென்று இருப்போர் வீட்டில் குட்டி பிழைப்பது அரிது.

தாய் உண்மையாகவே இல்லையா?

தனித்திருக்கும் குட்டி எல்லாம் தாயற்ற குட்டி அன்று. தாய்ப்பூனை இரை தேடிச் சில மணி நேரம் வெளியே செல்லும். இடம் பாதுகாப்பற்றது எனக் கண்டால் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கௌவி வேறிடத்துக்குக் கொண்டு போகும். அவ்வேளையில் எஞ்சியிருக்கும் ஒன்றைக் கண்டு, கைவிடப்பட்டது என்று எடுத்துவிடுதல் தாயுள்ள குட்டியைத் தாயற்றதாக்குவதாகும். குட்டி சூடாயும் வயிறு நிறைந்தும் அமைதியாயும் உறங்கினால், தாய் அண்மையில் வந்து போயிருக்கிறது என்று கொள்ளலாம். நாயையும் சிறுவரையும் அகற்றி, தூரத்தில் நின்று சில மணி நேரம் பார்த்திருங்கள். மனிதர் கை பட்ட குட்டியைத் தாய் சேர்க்காது என்பது ஆதாரமற்ற பேச்சு.

குட்டி குளிர்ந்து, இடைவிடாது கத்தி, எறும்பு மொய்த்துக் கிடக்குமாயின் காத்திருத்தல் கூடாது. அயலில் வேறொரு பூனை குட்டி ஈன்றிருந்தால், அதனுடன் சேர்த்துப் பார்ப்பதே எல்லாவற்றிலும் சிறந்த வழி. பாலுள்ள பூனைகள் பல, பிறிதின் குட்டியையும் ஏற்றுக்கொள்ளும். அது வாய்க்காவிட்டாலே மேற்சொல்லப்படும் உழைப்புத் தேவை.

வயதை அறிதல்

கொப்பூழ்க்கொடி காய்ந்து ஒட்டியிருந்தால் குட்டி பிறந்து ஏறக்குறைய ஐந்து நாளுக்கு உட்பட்டது. கண்கள் ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில் திறக்கும். மூன்றாம் வாரத்தில் முன்பற்கள் தெரியும். தள்ளாடி நடக்கத் தொடங்கும். பிறந்த குட்டியின் நிறை 100 கிராம் அளவினது. பின்னர் நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் வரை ஏறல் வேண்டும். சமையலறைத் தராசு ஒன்று இருந்தால், நாள்தோறும் ஒரே வேளையில் நிறுத்துக் குறித்து வையுங்கள். ஒரு நாளேனும் நிறை குறையுமாயின் அது எச்சரிக்கை.

முதலிற் சூடு, பின்னரே பால்

முதல் வாரத்துக் குட்டி தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளமாட்டாது. தாயின் வயிற்றோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் ஒட்டிக் கிடந்தே அது சூடு பெறுகின்றது. எமது நாடு வெப்பநாடாயினும், மாரிகாலத்து இரவும், மலைநாட்டுக் குளிரும், சீமெந்து நிலமும் அதனைக் கொல்லப் போதுமானவை.

குளிர்ந்த குட்டிக்குப் பால் கொடுத்தல் பெருந் தவறு. உடல் குளிர்ந்திருக்கையில் குடலும் இயங்காது. பால் செரியாமற் கிடந்து புளிக்கும். குட்டியின் வாய்க்குள்ளும் பாதங்களிலும் விரல் வைத்துப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் முதலில் உங்கள் உடம்போடு அணைத்து மெல்லச் சூடேற்றுங்கள். அடுப்பருகிலோ வெயிலிலோ வைத்து விரைவாகச் சூடேற்றுதல் ஆபத்து.

ஒரு கடகத்தையோ மட்டைப்பெட்டியையோ எடுத்து, பழஞ்சீலையை மடித்து விரியுங்கள். போத்தலில் சுடுநீர் நிரப்பி, நன்றாக மூடி, தடித்த துணியாற் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் மாத்திரம் வையுங்கள். மறுபக்கம் வெறுமையாயிருத்தல் வேண்டும். சூடு மிகுந்தால் குட்டி ஊர்ந்து விலகிக்கொள்ளும். முதல் வாரத்தில் கூட்டினுள் ஏறக்குறைய 30 பாகை செல்சியசு வெப்பம் இருத்தல் நன்று. நள்ளிரவில் நீர் ஆறிப்போகும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஆறிய போத்தல் குட்டியின் சூட்டையும் உறிஞ்சிவிடும். எறும்பு ஏறாதிருக்க, நீர் ஊற்றிய தட்டங்களில் கால்கள் நிற்கும் வாங்கின்மேற் பெட்டியை வைக்கலாம். மீன் பெட்டிக்கும் அரிசிப் பெட்டிக்கும் செய்வது போன்றதே இது.

எந்தப் பால், எவ்வளவு?

பசுப்பால் பூனைக்குட்டிக்கு உரியதன்று. பூனைப்பாலில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய அரைப்பங்கே அதில் உண்டு. பாற்சீனியோ கூடுதலாக உண்டு. ஆகவே பசுப்பால் குடித்த குட்டிக்கு வயிற்றோட்டம் உண்டாகின்றது. ஆட்டுப்பாலும் இக்குறையை நீக்காது. சிறு குழந்தைகளுக்குரிய பால்மாவும் பொருந்தாது. பூனைக்குட்டிக்கென்றே தயாரிக்கப்பட்ட பால்மா நகரங்களில் மிருக மருந்து விற்கும் இடங்களிற் கிடைக்கின்றது. அதை வாங்கி வரும்வரை, ஓரிரு நாளுக்கு மாத்திரம், பின்வருமாறு செய்துகொள்ளலாம்: காய்ச்சிய முழுப்பால் 240 மில்லிலீற்றர் எடுத்து இறக்கி, முட்டை மஞ்சட்கரு இரண்டும் மரக்கறி எண்ணெய் ஒரு தேக்கரண்டியும் சேர்த்து நன்றாக அடித்து வடித்தல் வேண்டும். வெள்ளைக்கரு சேர்த்தல் ஆகாது; சீனியும் தேனும் ஆகா.

குட்டியின் நிறையில் ஒவ்வொரு 30 கிராமுக்கும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 8 மில்லிலீற்றர் பால் தேவை. ஆயினும் இரைப்பை சிறியது. 100 கிராம் நிறையுள்ள குட்டிக்கு ஒரு தடவையில் 4 மில்லிலீற்றருக்கு மேற் கொடுத்தல் கூடாது. ஆகவே முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும் எழுந்து கொடுத்தல் வேண்டும். இரண்டாம் வாரத்தில் மூன்று நான்கு மணிக்கு ஒருமுறையும், மூன்றாம் வாரத்தில் நான்கு ஐந்து மணிக்கு ஒருமுறையும் போதும். நீர் பாய்ச்ச விடியலில் எழும் கமக்காரருக்கு இது புதுமையன்று. வீட்டில் இருவர் முறைவைத்துக்கொண்டால் ஒருவர் தோளில் சுமை ஏறாது.

பாலை மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. சிறு முலைச்சூப்பி பூட்டிய போத்தலாலோ, ஊசி நீக்கிய சிறிஞ்சினாலோ துளித்துளியாகக் கொடுங்கள். குழந்தையை மடியில் மல்லாத்திப் பால் ஊட்டுவது போல் குட்டிக்கு ஊட்டுதல் கூடாது. வயிறு நிலத்தில் படியக் கிடத்தி, தலை சற்றே உயர, தாயிடம் குடிப்பது போலவே குடிக்க விடுங்கள். மல்லாந்த குட்டியின் பால் சுவாசப்பைக்குட் புகுந்து நியூமோனியா உண்டாகும். மூக்கால் பால் வருமாயின் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்துங்கள். மீதிப் பாலை அடுத்த வேளைக்கு வையாமல் ஊற்றிவிட்டு, சிறிஞ்சையும் சூப்பியையும் கொதிநீரிற் கழுவுங்கள்.

சிறுநீரும் மலமும் கழிப்பித்தல்

இப்பொழுது எமது தலையாய விடயத்துக்கு வருவோம். பஞ்சு ஒரு துண்டையோ, பலமுறை துவைத்து மென்மையான வெள்ளைத் துணியையோ இளஞ்சூட்டு நீரில் நனைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். வெள்ளைத் துணி என்பது அழகுக்கன்று. சிறுநீரின் நிறத்தை அதில் அறியலாம். இடக்கையாற் குட்டியை நிமிர்த்திப் பிடித்து, வாலை மெல்ல உயர்த்தி, வாலின் கீழுள்ள இரு துவாரங்களின் மீதும் துணியால் ஒற்றி ஒற்றித் தடவுங்கள். தாயின் நாக்குப் படுவது போன்ற அழுத்தமே வேண்டும். தேய்த்தால் தோல் சிவந்து புண்ணாகும். அதன் பின் குட்டி வலிக்கு அஞ்சி அடக்கும்.

சில நொடிகளிற் சிறுநீர் வரத்தொடங்கும். ஒரு துளி கண்டதும் நிறுத்துவோர் பலர். முழுவதும் வந்து நிற்கும் வரை தடவுதல் வேண்டும். மலம் சற்றுப் பிந்தி வரும். ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். வராவிட்டால் வற்புறுத்தாது அடுத்த வேளைக்கு விடுங்கள். வயிற்றை அழுத்திப் பிதுக்குதல் ஒருபோதும் ஆகாது. இதைப் பால் கொடுக்கும் ஒவ்வொரு வேளையும், இரவு வேளை உட்பட, செய்தல் வேண்டும். பாலுக்கு முன்னும் செய்யலாம், பின்னும் செய்யலாம். சிறுநீர்ப்பை வெறுமையான குட்டி அமைதியாகக் குடிக்கும் என்பதால் முன் செய்தலே நன்று என்பது எம் கருத்து. முடிந்ததும் உலர்ந்த துணியால் ஒற்றி ஈரத்தை நீக்குங்கள். ஈரத்தோடு விட்ட குட்டி குளிர்ந்துபோகும், தோலும் வெந்துவிடும். இவ்விடத்துக்குச் சவர்க்காரம் வேண்டியதில்லை. நீரில் விட்டால் வெண்மையாகும் தொற்றுநீக்கித் திரவங்களைக் குட்டியின் உடலிலோ படுக்கையிலோ படவிடுதல் கூடாது. அவை பூனைக்கு நஞ்சு.

சிறுநீர் ஒவ்வொரு வேளையும் வருதல் வேண்டும். நிறம் வெளிறிய மஞ்சளாயிருத்தல் வேண்டும். கடும் மஞ்சளாயின் குட்டிக்குப் பால் போதவில்லை. மலம் நாளொன்றுக்கு ஒருமுறையேனும் வருதல் வழக்கம். கடுகை அரைத்தாற் போன்ற நிறமும் களிப்பதமும் உடையது நல்ல மலம். முதன்முதலிற் பட்டினியோடு வந்த குட்டிக்கு ஒரு நாள் மலம் இல்லாதிருந்தால் அஞ்சவேண்டியதில்லை. இரண்டு நாளாகியும் இல்லாமல், வயிறு இறுகியிருந்தால் மிருக வைத்தியரை நாடுங்கள். சிறுநீரே வராமல் வயிறு உப்பியிருந்தால் அன்றைக்கே நாடுங்கள்.

மலம் இளகி வெளிறித் தயிர்க்கட்டி போலிருந்தால், பால் மிகுதியாகக் கொடுக்கப்படுகின்றது அல்லது செரிக்கவில்லை. அளவைக் குறைத்து, வேளைகளைக் கூட்டுங்கள். நீர்போல் ஓடினாலோ, இரத்தங் கலந்தாலோ வீட்டு வைத்தியத்தில் நேரத்தை விடுதல் கூடாது. நூறு கிராம் உடம்பில் உள்ள நீர் ஓடிவிட எத்தனை மணி நேரம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டு மூன்று குட்டிகளை ஒரே பெட்டியில் வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். தாய்முலை இல்லாத குட்டிகள் ஒன்றன் மறைவிடத்தை மற்றொன்று சூப்பும் பழக்கங் கொள்ளும். அவ்விடம் வீங்கிச் சிறுநீர்த் துவாரம் அடைபடக்கூடும். அப்பழக்கங் கண்டால் ஒவ்வொன்றையும் வெவ்வேறு பெட்டியில் வையுங்கள்.

மண்பெட்டி பழக்குதல்

மூன்றாம் வாரம் கழிந்ததும் குட்டி படுக்கையை விட்டு விலகி, நிலத்தைச் சுரண்டத் தொடங்கும். அதுவே காலம். குட்டி ஏறத்தக்க தாழ்ந்த விளிம்புள்ள ஒரு தட்டில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு உலர்ந்த ஆற்றுமணலோ சலித்த மண்ணோ பரப்புங்கள். உமி தூசெழுப்பிக் கண்ணிலும் மூக்கிலும் படும். ஆதலால் அதனை நாம் விதப்பதில்லை. நீர் பட்டால் கட்டியாகும்படி கடைகளில் விற்கப்படும் மண்ணும் இவ்வயதுக்கு ஆகாது. குட்டி அதனை வாயிலிடும், அது குடலிற் கட்டியாகும்.

தடவித் துடைத்த பஞ்சில் ஒன்றை மணலிற் புதைத்து விடுங்கள். அம்மணமே குட்டிக்கு ஆசான். பால் குடித்ததும், உறங்கி எழுந்ததும் அதனைத் தூக்கித் தட்டில் விட்டு, அதன் முன்காலைப் பிடித்து மணலை ஒருமுறை கீறிக் காட்டுங்கள். தட்டு உணவுக்கும் படுக்கைக்கும் எட்டவே இருத்தல் வேண்டும்; எந்தப் பூனையும் உண்ணுமிடத்தில் மலங் கழிக்காது. தவறிய இடத்தில் மூக்கைத் தேய்ப்பதும் அடிப்பதும் பயனற்றவை. குட்டி உங்களுக்கு ஒளித்துப்போய் நெல்மூட்டைக்குப் பின்னாற் கழிக்கக் கற்றுக்கொள்ளும். தானாகக் கழிப்பதை இரண்டு மூன்று நாள் கண்ட பின்னரே தடவுதலை விடுங்கள்.

நான்காம் வாரத்தில் பாலுடன் முள் நீக்கிய அவித்த மீனை மசித்துக் கொடுக்கத் தொடங்கலாம். சோறு மாத்திரம் போதாது. பூனையின் கண்ணுக்கும் இருதயத்துக்கும் வேண்டிய சத்து ஒன்று மீனிலும் இறைச்சியிலும் உண்டு. கறியில் எடுத்த மீன் வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும்.

மரக்கறித் தோட்டம் உடையோருக்கு

வளர்ந்த பூனை புதிதாகக் கொத்திய மண்ணையே நாடும். கீரைப்பாத்தியும் கரட் மேடையும் அதற்கு மிக விருப்பமானவை. எலியைத் தின்னும் பூனையின் மலத்தில் தொக்சோபிளாசுமா என்னும் நுண்ணுயிரின் முட்டைகள் இருக்கக்கூடும். அவை ஈரமண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்க வல்லன. கர்ப்பிணியின் உடலில் அவை முதன்முறையாகப் புகுந்தால் வயிற்றிலுள்ள சிசுவைத் தாக்கும். ஆட்டுத் தீனியிற் கலந்தால் சினையாடுகள் கன்று வீசும்.

இதற்காகப் பூனையைத் துரத்தவேண்டியதில்லை. மலத்திலுள்ள அம்முட்டைகள் தொற்றும் வலிமை பெறுவதற்கு ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை செல்லும். எனவே தட்டை நாள்தோறும் தவறாது துப்புரவாக்கினால் ஆபத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும். அவ்வேலையைக் கர்ப்பிணிப் பெண்கள் செய்தல் கூடாது. மலத்தைக் கூட்டெருக் குழியிற் கொட்டாமல், கிணற்றுக்கும் பாத்திக்கும் தொலைவில் ஆழப் புதையுங்கள். வெளியே திரியத் தொடங்கிய பூனைக்கென வேலியோரத்தில் நிழலான இடத்தில் ஒரு மணற்குவியல் வைத்துவிட்டு, விதைத்த பாத்தியின் மேல் கிடுகையோ முட்கிளைகளையோ பரப்பினால், பூனை எளிதான இடத்தையே தேர்ந்துகொள்ளும். தோட்ட வேலை முடிந்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதலும், பச்சையாக உண்ணும் இலைவகைகளை ஓடுநீரில் அலசுதலும் எவ்வாறாயினும் வேண்டியவையே.

வைத்தியமும் நஞ்சும்

குட்டிக்குத் தெள்ளு மிகுந்திருந்தால் நெருங்கிய பல்லுள்ள சீப்பால் வாரி, சவர்க்கார நீரில் இடுங்கள். பயிருக்குத் தெளிக்கும் மருந்தைப் பூசுதல் கொலைக்கு ஒப்பானது. நாய்க்குரிய தெள்ளு மருந்தில் உள்ள பெர்மெத்திரினும் பூனையைக் கொல்லும். காய்ச்சல் என்று கருதிப் பரசிற்றமோல் கொடுத்தலும் அவ்வாறே. ஒரு மாத்திரையே ஒரு பூனைக்குப் போதும். பூச்சி மருந்து மூன்றாம் வாரந் தொடக்கம் தேவைப்படும். அளவை நிறை பார்த்து மிருக வைத்தியரே கூறுவார். மூன்று மாதமானதும் விசர்நோய்த் தடுப்பூசியும், நான்கு மாதம் முதல் ஆறு மாதத்துக்குள் கருத்தடைச் சத்திரசிகிச்சையும் செய்விப்பதற்கு உங்கள் பிரிவின் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரியுங்கள். அறியாத பூனை கடித்தாலோ கீறினாலோ, அது குட்டியேயாயினும், காயத்தைப் பதினைந்து நிமிடம் சவர்க்காரமிட்டு ஓடுநீரிற் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

எலி பிடிக்கும் பூனை உள்ள வீட்டில் எலி நஞ்சு வைத்தல் பொருந்தாது. அயலார் வைக்கின்றனராயின், செத்த எலிகளை நாள்தோறும் பொறுக்கி ஆழப் புதைக்குமாறு அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாதிருக்கச் செய்யும் நஞ்சை உண்ட எலியைத் தின்ற பூனை அன்றே நோயுறுவதில்லை. மூன்று நான்கு நாள் கழித்து முரசு வெளிறி, சோர்ந்து, மூச்சுத் திணறும். அக்குறி கண்டவுடன் மிருக வைத்தியரிடம் கொண்டுசென்று, எலி நஞ்சு என்பதையும் சொல்லுங்கள். அந்நஞ்சுக்கு உயிர்ச்சத்து கே மாற்று மருந்தாகும்.